எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஓடினால் எலும்பு வலிக்கிறது: என்ன செய்ய?

கேள்வி, 13 ஜூலை 2024 (கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் அப்பா)

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. 3000 மீட்டர் ஓடுகிறாள். ஒரு மாதமாக வலது கணைக்காலில் வலி. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது. இப்போது மாடிப்படி இறங்கினாலும் வலிக்கிறது என்கிறாள். எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றும் இல்லை, சதை வலிதான் என்று தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குறுவட்டப் போட்டி ஆகஸ்டில் வருகிறது. தெருவில் எல்லோரும் நாட்டு வைத்தியசாலைக்குப் போய்க் கட்டுப் போடச் சொல்கிறார்கள். பி.டி. டீச்சர், ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்க?

14 ஜூலை, காலை

அண்ணாச்சி, முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். வ.உ.சி. மைதானத்திலும் அண்ணா விளையாட்டரங்கத்திலும் ஓடுகிற பிள்ளைகள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். ஓடும்போது வலி, பிறகு ஓடி முடித்தும் வலி, பிறகு படி இறங்கினாலே வலி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு எலும்பின் மேல்தான் சந்தேகம். சதைப் பிடிப்பு நாளாக ஆகக் குறையும். இது கூடிக்கொண்டே போகிறது.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை வைத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (திரும்பத் திரும்பப் பாரம் ஏறி எலும்பில் விழும் மெல்லிய விரிசல்) தொடங்கி முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆறத் தொடங்கி, புது எலும்பு மேலே படியும்போதுதான் நிழல் மாதிரி ஒன்று தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாமலே ஆறிவிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் விரிசல் விழுவதற்கு முன்பே எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரிந்துவிடும்.

இன்று வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பிள்ளையை உட்கார வைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் ஒற்றை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரே ஒரு இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குள், "அம்மா" என்று காலை இழுத்துக்கொண்டால் எழுதுங்கள். நீளமாக நாலு விரற்கடைக்கு மேல் வலித்தாலும் எழுதுங்கள். இரண்டும் வேறு.

14 ஜூலை, இரவு

ஒரே இடத்தில்தான் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரே படத்தையும் கொண்டு போங்கள். "எம்.ஆர்.ஐ. தேவையா?" என்று நீங்களாகவே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஓடினால் எலும்பு பலமாகும்தானே, பிறகு எப்படி விரிசல் விழும் என்று இந்தக் கேள்வி-பதில் இழையில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பலமாகும், ஆனால் கொஞ்சம் காலம் எடுத்துக்கொள்ளும். பாரம் கூடினால் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைக்கிறது. அந்த வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்ப ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுத் தார் ஊற்றும் முன்பே லாரியை விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் எலும்புக்கும் ஆகிறது.

போலீஸ் தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் இதைப் பார்க்கிறோம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஒரு வருடமாக ஓடாத பையன்கள் அறிவிப்பு வந்த மறுநாளே தார் ரோட்டில் தினமும் ஓடத் தொடங்குவார்கள். மூன்றாவது நான்காவது வாரம் எங்கள் வாசலில் நொண்டிக்கொண்டு நிற்பார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வயது வரம்பு தாண்டப் போகிறது என்று கண்ணீரோடு வருகிற பையனிடம் ஆறு வாரம் ஓடாதே என்று சொல்வது லேசில்லை.

இது பழைய சங்கதி. 1855லேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட தூரம் நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. ராண்ட்கன் அதைக் கண்டுபிடித்தது 1895ல். அது பாத எலும்பின் முறிவு என்று 1897ல்தான் படத்தில் தெரிந்தது. நம் ஊரில் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடந்து போய்விட்டு வருகிறவர்களில் சிலருக்கு இதேதான். வீட்டு வேலை தவிர நடையே இல்லாதவர்கள் வெறுங்காலோடு அத்தனை மைல் போகிறார்கள். பிறகு இரண்டாம் மூன்றாம் விரலுக்குப் பின்னால் மேல்பாதம் வீங்கும். முள் குத்தியிருக்கும், நீர் இறங்கியிருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

16 ஜூலை

"இது வெறும் ஷின் ஸ்ப்ளின்ட், ஐஸ் வைத்தால் போதும்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இருக்கலாம், எல்லோருக்கும் அல்ல. ஷின் ஸ்ப்ளின்டில் எலும்பின் உள்விளிம்பு நெடுக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவி வலிக்கும். ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், சூடு ஏறியதும் குறையும். விரிசலில் சூடு ஏற ஏற வலியும் ஏறும்.

இன்னும் இரண்டு உண்டு, அடிக்கடி தவறிப்போவது. ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் வரை ஒன்றும் இல்லை, பிறகு தினமும் அதே தூரத்தில் காலில் ஒரு இறுக்கம், பாதம் மரத்துப் போகிறது, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது. எலும்பை அழுத்தினால் வலியே இல்லை. இது சதையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அழுத்தம் கூடுகிற நோய், காம்பார்ட்மென்ட் சின்ட்ரோம். ஓடவிட்டு, உடனே ஊசி வைத்து அழுத்தம் அளந்துதான் உறுதி செய்ய முடியும்.

மற்றது இன்னும் அபூர்வம். முழங்காலுக்குப் பின்னால் போகும் ரத்தக்குழாயை கெண்டைச்சதை நெரிப்பது. இருபது வயதுப் பையனுக்கு பீடி குடிக்கும் தாத்தாவுக்கு வருவது போலக் கெண்டைக்கால் வலி வரும். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லிவிட்டு நாடி பார்த்தால் நாடி மறையும். 1879ல் எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவர்தான் இந்த அமைப்பை முதலில் விவரித்தார். ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும் நாடி அப்படி மறைவதுண்டு. ஆகவே நாடியை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

19 ஜூலை

இதைத் தனியாக எழுதுகிறேன். இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய விரல் சோதனை தொடைக்குச் செல்லாது. தொடை எலும்பு சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது, விரல் எட்டாது. ஓடும் பையனோ பெண்ணோ தொடையிடுக்கில், கவட்டைப் பக்கம் வலி என்று சொன்னால் "சதை இழுத்திருக்கு" என்று எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒற்றைக்காலில் குதிக்கச் சொல்லியும் பார்க்காதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்தால் அந்த ஒரு குதியில் முறிந்து விலகிவிடலாம்.

நாங்குநேரிப் பக்கத்துத் தம்பி ஒருவர். ராணுவத் தேர்வுக்காக 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் கொண்டுவர உழைத்துக்கொண்டிருந்தார். கவட்டை வலிக்கு வலி மாத்திரை போட்டுப் போட்டு ஓடியிருக்கிறார். எங்களிடம் தேய்த்துவிடச் சொல்லித்தான் வந்தார். படுக்க வைத்து இடுப்பை உள்பக்கம் திருப்பியதும் முகம் மாறியது. தேய்க்காமல், கையில் ஊன்றுகோலைக் கொடுத்து அன்றைக்கே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்கு அனுப்பினோம். எம்.ஆர்.ஐ.யில் கழுத்தின் மேல்பக்கத்தில் விரிசல். மறுநாளே திருகாணி போட்டார்கள்.

மேல்பக்கம், கீழ்பக்கம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கழுத்தின் கீழ்பக்கம் பாரத்தால் அமுங்குகிற பக்கம். அங்கே சின்ன விரிசல் என்றால் ஊன்றுகோலோடு ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் ஆறும். மேல்பக்கம் இழுபடுகிற பக்கம், அங்கே விரிசல் வாயைத் திறக்கப் பார்க்கும். விலகிவிட்டால் தொடை எலும்பின் பந்துமுனைக்குப் போகும் ரத்தம் அறுந்து, எலும்பே செத்துப்போகலாம். இருபது வயதில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை யாருக்கும் வேண்டாம்.

இது போல எளிதில் ஆறாத இடங்கள் இன்னும் உண்டு. கணைக்கால் எலும்பின் முன்பக்கம், நடுவில் (நீளம் தாண்டுகிறவர்களுக்கு வரும், படத்தில் ஒரு கருப்புக் கோடாகத் தெரியும்). பாதத்தின் வளைவுக்கு உச்சியில் இருக்கும் நாவிகுலர் எலும்பு. சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் பாத எலும்பின் அடிப்பகுதி. பெருவிரலுக்கு அடியில் இருக்கும் இரண்டு சின்ன எலும்புகள். நாவிகுலர் என்றால் ஆறு வாரம் மாவுக்கட்டு, கால் ஊன்றவே கூடாது. சீன கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் ஆட்டத்தை முடித்து வைத்ததில் அந்த எலும்புக்குப் பங்கு உண்டு.

20 ஜூலை

ட்யூனிங் ஃபோர்க்கை (தட்டினால் அதிரும் இசைக்கவையை) எலும்பில் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டவருக்கு: நம்ப முடியாது, வேண்டாம்.

வலி மாத்திரையைப் பற்றி: போட்டுக்கொண்டு ஓடுவதுதான் பெரிய ஆபத்து. வலி ஒன்றுதான் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் எச்சரிக்கை.

28 ஜூலை

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார். எலும்புக்குள் நீர்க்கோப்பு, மேலுறையிலும் நீர்க்கோப்பு, விரிசல் கோடு இன்னும் விழவில்லை. நல்ல நேரத்தில் நிறுத்தினீர்கள். குறுவட்டம் இந்த வருடம் கிடையாது, அதை மனசில் தீர்மானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அடுத்த வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: போன வருடமும் இடது பாதத்தில் இப்படி வலி வந்து தானாகப் போனது என்று. அதுதான் என்னை உட்கார வைத்தது. இரண்டாவது தடவை என்றால் காலை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டு அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: பிள்ளைக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? காலையில் ஓடப் போகுமுன் என்ன சாப்பிடுகிறாள்? ஓடி வந்து எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள்?

29 ஜூலை

பதில் வந்தது. ஏழு மாதமாக மாதவிலக்கு இல்லை. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. தொந்தரவு இல்லாமல் ஓடலாம் என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறது. காலையில் டீ, ஓடிவிட்டுப் பள்ளிக்கூட பஸ், மதியம்தான் முதல் சாப்பாடு.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு பிள்ளை ஆளானால் என்ன செய்கிறோம்? சடங்கு வைத்து, உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி, இடுப்பெலும்பு பலக்க வேண்டும் என்று உருட்டி உருட்டிக் கொடுக்கிறோம். அத்தனை அக்கறை இருக்கிற வீட்டில், மாதவிலக்கு நின்றுபோனால் மட்டும் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

உடம்பு செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு முதலில் நிறுத்துவது இதைத்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு கட்டுவதும் குறையும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இதை ஒரு தனி நோய்க்கூட்டமாக அறிவித்து, 2023ல் திருத்தி வெளியிட்டது. பையன்களுக்கும் வரும், அவர்களுக்கு அடையாளம் தெரியாது, அவ்வளவுதான். ஒல்லியாக இருந்தால்தான் என்றும் இல்லை. எடை மாறாமலே வரும்.

மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் எல்லாம் பார்த்து விலக்கிவிட்டுத்தான் சாப்பாட்டுக் குறைவு என்று சொல்லலாம். மாதவிலக்கு வர வைக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சரியாயிற்று என்று இருக்காதீர்கள். மாத்திரையால் ரத்தப்போக்கு வரும், எலும்புக்குப் பலன் வராது. சாப்பாடுதான் மருந்து. ஓடப் போகுமுன் இரண்டு வாழைப்பழமாவது, ஓடி முடித்ததும் பஸ் ஏறுமுன் இட்லியோ உளுந்தங்கஞ்சியோ.

சுண்ணாம்புச் சத்து: அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்த 5,201 பெண்களிடம் செய்த ஆய்வு 2008ல் வெளியானது. தினம் 2000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் எடுத்தவர்களுக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் 20 சதவீதம் குறைவு. நம் சமையலில் கேப்பை இருக்கிறது, 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். பால், எள், முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி. இந்த வெயிலில் வைட்டமின் டி குறையுமா என்று கேட்காதீர்கள். விடியுமுன் ஓடிவிட்டுப் பகலெல்லாம் வகுப்பறையில் இருக்கிற பிள்ளைக்கு வெயில் எங்கே படுகிறது?

4 ஆகஸ்ட்

வைத்தியசாலைக் கட்டைப் பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. என் நிலை இது. கை முறிந்த இடத்தில் பத்தை வைத்து அசையாமல் கட்டும் கலை தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அந்த அறிவை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் மறுப்பு ஒன்றே ஒன்றுக்குத்தான்: என்னவென்று தெரியாத எலும்பு வலியை அழுத்தித் தேய்ப்பது. விரிசல் என்றால் பெரிதாகும். கட்டி என்றால் அதைவிட மோசம்.

தேரியில் (செம்மணல் மேட்டில்) ஓடலாமா என்று திசையன்விளைத் தம்பி கேட்டிருக்கிறார். மணல் நல்லதா, தார் நல்லதா என்பதைவிட, திடீரென்று மாற்றுவதுதான் கெடுதல். சின்ன வயதிலிருந்து தேரியில் ஓடியவர் ஒரே வாரத்தில் தார் ரோட்டுக்கு மாறினாலும் வலி வரும், ரோட்டில் ஓடியவர் தேரிக்குப் போனாலும் வரும்.

11 ஆகஸ்ட்

பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது, போகட்டும். வேகப்பந்து போடுகிற பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்குக் கீழ்முதுகு வலி என்றால் அதுவும் இதே வகைதான். பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்து முதுகெலும்பு வளையத்தில் விரிசல் விழும். ஒற்றைக்காலில் நின்று பின்னால் சாய்ந்தால் குத்தும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973ல் வந்தது. பும்ராவுக்கு 2019ல் வந்தது, 2023 மார்ச்சில் முதுகில் அறுவை செய்து ஆகஸ்டில்தான் திரும்பினார். அவருக்கு அணியே மருத்துவர்களை வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மேட்ச் போடுகிற நம் ஊர்ப் பையனுக்கு யார் ஓவரை எண்ணுகிறார்கள்?

25 ஆகஸ்ட்

இரவு வலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல், படுத்திருக்கும்போது எழுப்புகிற எலும்பு வலியை ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று நினைத்து ஓய்வு மட்டும் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

கபடி ஆடுகிற ஒரு பிள்ளை. கணைக்காலில் வலி, எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோப்பு, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று ரிப்போர்ட். ஓய்வெடுத்தும் குறையவில்லை. அவன் அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் வழி காட்டியது: "ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அழுவான், ஒரு மாத்திரை கொடுத்தா அரைமணி நேரத்துல தூங்கிருவான்." சி.டி. ஸ்கேன் எடுத்தபோது எலும்பின் கெட்டியான பகுதிக்குள் மிளகளவில் ஒரு புள்ளி. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா, 1935ல் யாஃபே என்ற மருத்துவர் தனி நோயாகப் பிரித்துச் சொன்னது. புற்று இல்லை. ஊசி வழியாக வெப்பம் செலுத்தி அந்தப் புள்ளியைச் சுட்டுவிட்டார்கள். அன்று இரவே தூங்கினான்.

ஆனால் வளரும் வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்குப் பக்கத்தில் வீக்கமும் இரவு வலியும் சேர்ந்திருந்தால், எலும்புப் புற்று இல்லை என்று உறுதியாகும்வரை விடக்கூடாது.

8 செப்டம்பர்

விளையாட்டுக்கு வெளியே போகிறேன்.

நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியவர். பாதத்தில் வலி, விலாவில் வலி, பிறகு இரண்டு தொடையிலும் வலி. உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. வாதம் என்றார்கள், வைட்டமின் ஊசி போட்டார்கள், கடைசியில் மனசுதான் காரணம் என்று மாத்திரை கொடுத்தார்கள். எங்களிடம் வந்தபோது வாத்து மாதிரி அசைந்து நடந்தார். கால்சியம் பார்த்திருக்கிறார்கள், சரியாக இருந்தது. பாஸ்பரஸ் யாருமே பார்க்கவில்லை. பார்த்தபோது பாதிகூட இல்லை.

பாஸ்பரஸ் குறைந்தால் எலும்பு இறுகாது. இருபக்கமும் ஒரே மாதிரி விரிசல் விழும். சில அபூர்வமானவர்களுக்குக் காரணம் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சின்னக் கட்டி. அது எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோனைச் சுரந்து, பாஸ்பரஸை சிறுநீரில் வெளியேற்றிவிடும். வேலூருக்குப் போய்க் உடம்பு முழுவதும் கட்டியைத் தேடும் காலியம் பெட் ஸ்கேன் எடுத்ததில் உள்ளங்காலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று இருந்தது. எடுத்த ஒரு வாரத்தில் பாஸ்பரஸ் ஏறியது. எலும்பு இறுக மாதக்கணக்கில் ஆயிற்று. இப்போது மூட்டை தூக்குவதில்லை, தராசில் எடை போடும் வேலையில் நிற்கிறார்.

இன்னொன்று: ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ரத்தத்தில் பார்க்கும் ஒரு நொதி. ரிப்போர்ட்டில் கூடினால் எல்லோரும் பார்ப்பார்கள், குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. பாத எலும்பு அடிக்கடி விரிசல் விட்டு, ஆறாமல் இழுத்துக்கொண்டே போகிறவருக்கு இது தொடர்ந்து குறைவாக இருந்தால் ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற பரம்பரை நோய் இருக்கலாம். 1948ல் கனடாவில் ராத்பன் என்ற மருத்துவர் எழுதிய நோய். பால்பற்கள் வேரோடு சீக்கிரம் விழுந்தனவா என்று கேட்டால் துப்புக் கிடைக்கும். இவர்களுக்கு எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) கொடுக்கும் வழக்கமான மாத்திரையைக் கொடுத்தால் இன்னும் கெடும். ஆகவேதான் காரணம் தேடாமல் மருந்து எழுதக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

22 செப்டம்பர்

என்னென்ன ரத்தப் பரிசோதனை என்று தாளில் எழுதிக் கேட்டவருக்கு: கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சத்து இருப்பு), தைராய்டு. இரண்டாவது முறை விரிசல் வந்தவருக்குத்தான் இத்தனையும். முதல் முறை, பயிற்சி ஏறியதுதான் காரணம் என்று தெளிவாகத் தெரிந்தால் காசைச் செலவழிக்காதீர்கள்.

6 அக்டோபர்

கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைக்கு அழுத்தினாலும் வலி இல்லை, அரைமணி நேர வேக நடையிலும் வலி இல்லை. இனி ஒரு நிமிட மெது ஓட்டம், நாலு நிமிட நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். வலி வந்தால் அன்றே நிறுத்தி, முந்தைய படிக்கு இறங்கி வர வேண்டும். நடுநாட்களில் சைக்கிள். நீச்சல் தெரியுமாம், ஆற்றங்கரைப் பிள்ளை. முழுத் தூரத்துக்குப் பொங்கல் வரை அவசரம் வேண்டாம். மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை என்றும் அவள் அம்மா எழுதியிருக்கிறார். அதற்கு ஆறு மாதம்கூட ஆகலாம் மதினி, எடையும் சாப்பாடும் ஏறிக்கொண்டே இருந்தால் போதும். அது திரும்பும்வரை வேக ஓட்டமும் போட்டியும் கூடாது. பி.டி. டீச்சரிடம் பேச நான் வரத் தயார்.

7 அக்டோபர்

கோவில்பட்டி ஹாக்கித் தம்பிக்கு: சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் பாத எலும்பின் அடியில் விரிசல் என்றால் "பாதம்தானே" என்று கட்டோடு விளையாடாதீர்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஆறாமல் நின்றுவிடும். படத்தில் விரிசலின் ஓரம் வெளுத்து இறுகியிருந்தால் திருகாணி போடுவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். படத்தின் பிரதியை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.